மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் லைவ் போடக் கூடாது என்ற விழாக் குழுவுக்கு, இந்த ஊர் மருமகள் ஒருத்தியின் திறந்த மடல்

விழாக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கமுங்க.

குழுவில் பாதிப் பேர் எனக்கு மாமனார் முறை, மிச்சத்தில் பெரும்பாலும் மச்சாண்டார் முறை. நேரில் வந்தால் நான் திண்ணைக்குக் கீழே நின்றபடி ரெண்டு வார்த்தை சொல்வேன், நீங்கள் "சரி கண்ணு, பாக்கலாம், போயி வேலையப் பாரு" என்பீர்கள், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவது ஏன் என்று கேட்பீர்கள். பால் சொசைட்டிச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கிற நோட்டீசும் எல்லோரும் படிக்கிற மாதிரிதானே இருக்கிறது.

அந்த நோட்டீஸ் சொல்வது இது: இந்த வருடம் மாரியம்மன் நோம்பியில் பூச்சாட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும், சாமிக்கு நடுகிற கம்பத்தடியிலோ மாவிளக்கு ஊர்வலத்திலோ கும்மி அரங்கேற்றத்திலோ யாரும் போனில் லைவ் போடக் கூடாது, மீறினால் போனை வாங்கி வைத்துக்கொள்வோம், அபராதமும் உண்டு. காரணம் மூன்று. லைவ் வந்த பிறகு ஆட்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள், கோயிலுக்கு வருவதில்லை. பெண்பிள்ளைகளைப் படம்பிடித்துக் கண்ட இடத்தில் போடுகிறார்கள். போன வருடம் கம்பத்தடியில் நடந்த தகராறு லைவில் ஓடி ஊர் மானம் போய்விட்டது.

இதில் ரெண்டாவது காரணம் நியாயமானது, ஒரு பெண்ணாக அதை உங்களைவிட நான் பலமாகச் சொல்வேன். முதல் காரணம் தப்பு. மூன்றாவதுதான் நிஜமான காரணம் என்பது ஊருக்கே தெரியும். மூன்றையும் பேசுவோம், ஆனால் அதற்கு முன்னால் ஜனங்கள் எதற்காக லைவ் போடுகிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் யாராவது ஒருத்தர் யோசித்தீர்களா என்பதுதான் என் கேள்வி. யோசித்த மாதிரித் தெரியவில்லை. "வெட்டிப் பசங்க, வெளம்பரப் பைத்தியம்" என்று கூட்டத்தில் ஒரு மாமா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். விளம்பரப் பைத்தியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள், கம்பத்தைப் பின்னால் விட்டுவிட்டுத் தன் மூஞ்சியையே அரைமணி நேரம் காட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களை வைத்து மற்றவர்களை எடைபோட்டால் எப்படி?

நான் லைவ் போடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி உங்கள் வீடுகளில் என்ன பேச்சு ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஈரோடு ஜவுளிச் சந்தையில் போய்ச் சேலையும் நைட்டியும் எடுத்து வந்து ராத்திரி சோறாக்கி முடித்த பிறகு ஃபேஸ்புக்கில் லைவ் போட்டு விற்கிறேன். என்னை மாதிரி காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்தில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள், சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறிக்குப் பக்கத்திலேயே நின்று லைவ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போட்டோ எடுத்துப் போட்டாலும் சேலை விற்கும், ஆனால் போட்டோவில் கலர் ஏமாற்றும், முந்தானையில் இருக்கிற இழை விட்டது தெரியாது. லைவில் ஒரு அக்கா "ஏனுங்க, அந்த மாம்பழக் கலரு முந்தானைய விரிச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் அந்த நொடியே விரித்துக் காட்டியாக வேண்டும். உள்பக்கம் திருப்பு என்றால் திருப்ப வேண்டும். வெட்டி ஒட்ட முடியாது, மழுப்ப முடியாது. வாங்குகிறவர் நம்புவது அதைத்தான். விலையைச் சொன்னதும் முதலில் "புக்" என்று எழுதியவருக்குச் சேலை, அப்புறம் வாட்ஸ்அப்பில் முகவரி, கூரியர், முடிந்தது வியாபாரம்.

இது பொம்பளைகள் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காங்கேயம் காளை வாங்குகிறவர்களும் இப்போது இதைத்தான் செய்கிறார்கள். பழையகோட்டைச் சந்தைக்கு நேரில் போக முடியாதவர் லைவில் உட்கார்ந்துகொண்டு "பல்லைக் காட்டுங்க, சுழி எங்க இருக்குதுன்னு காட்டுங்க, நாலு எட்டு நடக்க உடுங்க" என்கிறார். எடுத்து வைத்த வீடியோவில் நொண்டுகிற மாட்டை நொண்டாத மாதிரி வெட்டிக் காட்டலாம், லைவில் அந்த வேலை நடக்காது. குழுவிலேயே ஒரு மாமா அப்படித்தான் போன தையில் ஒரு ஜோடி பிடித்தார், பெயரைச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

சரி, நான் சொல்ல வந்தது வியாபாரத்தை அல்ல. என் லைவில் தினமும் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு சேலைகூட வாங்குவதில்லை. முதலில் எனக்கு அது புரியவில்லை, எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகுதான் கவனித்தேன், அவர்கள் வந்ததும் "வாங்க அக்கா, சாப்பிட்டாச்சுங்களா" என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், உடனே பதில் வந்து விழும். பிள்ளைகள் வெளியூரில், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், தோட்டத்துச் சாளையில் ஒற்றை ஆளாக இருக்கிறவர்கள். டிவி பார்க்கலாமே என்பீர்கள். டிவி அவர்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதும் இல்லை. தன் பெயரை இன்னொருத்தர் வாயால், அதே நிமிடத்தில், மற்றவர்கள் முன்னால் கேட்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நோம்பியன்று மைக்கில் "இன்னார் தோட்டத்து இன்னார் குடும்பத்தார் அன்னதானக் கட்டளைக்கு ஐயாயிரத்து ஒரு ரூபாய்" என்று வாசிக்கிறீர்களே, ரசீது கையில் இருந்தும் அந்த மனிதர் ஏன் மைக் பக்கத்திலேயே நிற்கிறார், தன் பெயர் விட்டுப்போனால் ஏன் மறுபடி வந்து சொல்கிறார்? லைவில் நடப்பதும் அதுதான். உங்கள் மைக் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது, எங்கள் போன் கொஞ்சம் தூரம் போகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது நோம்பிக்கு வருகிறேன். ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்கிறீர்களே, யார் அந்த ஆட்கள்?

முதலில் நாங்கள். நோம்பி நாளில் ஒறம்பரை (சொந்தபந்தம்) வந்து நிறைந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இலை போட்டு, இலை எடுத்து, மறுபடி உலை வைக்கிற மருமகள்கள். இந்த ஊருக்கு வாழ வந்த புதிதில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற கம்பத்தாட்டத்தை நான் காதால் மட்டும்தான் கேட்டேன். தப்பட்டைச் சத்தம் வரும், ஆட்டம் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்து மாமியார் சொல்வார், அவரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் கற்றிருப்பார். அப்புறம் ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பையன் லைவ் போட்டான், அடுப்படி ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வடை ஒருபக்கம் வேக, நானும் என் நங்கையாளும் முதல்முதலாக ஆட்டத்தைப் பார்த்தோம். ஊருக்குள்ளேயே, கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு. நாங்கள் கோயிலுக்கு வராமல் போனதற்கு லைவா காரணம்? இலை போட வேறு ஆள் ஏற்பாடு செய்யுங்கள், முதல் வரிசையில் வந்து நிற்கிறோம்.

ரெண்டாவது, துக்க வீட்டுக்காரர்கள். வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் நோம்பி கிடையாது, மாவிளக்கு கிடையாது, கோயில் வாசல்கூட மிதிப்பதில்லை. மகனைச் சாகக் கொடுத்த ஒரு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கையகலப் போனில் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டால் எந்தச் சாமிக்கு ஆகாது? தூரமான (மாதவிலக்கான) பெண்கள், பச்சைக் குழந்தைக்காரிகள், இடுப்பொடிந்து கட்டிலில் கிடக்கிற ஆத்தாக்கள், அப்புச்சிகள், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோம்பிக்கு வராதவர்கள் என்று நீங்கள் கணக்குப் பண்ணுகிறவர்களில் நிறையப் பேர் வர முடியாதவர்கள், அதில் கொஞ்சப் பேர் வரக் கூடாது என்று நாமே சொன்னவர்கள்.

அப்புறம்தான் வெளியூர்க்காரர்கள். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியில் நைட் ஷிஃப்ட் நிற்கிறவனுக்கு லீவு கிடைக்காது. ஆஸ்பத்திரி நர்ஸ், லாரி டிரைவர், போலீஸ்காரர், இவர்களுக்கெல்லாம் நோம்பி நாள் என்று தனியாக ஒன்று கிடையாது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் விடியற்காலை 4 மணிக்குப் பூவோடு (தீச்சட்டி) எடுக்கும்போது துபாயில் ராத்திரி 2:30, சிங்கப்பூரில் காலை 6:30, சித்திரை மாதத்தில் நியூயார்க் பக்கம் என்றால் முந்தைய நாள் சாயங்காலம் 6:30. துபாயில் இருக்கிறவன் அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறான். மறுநாள் நிதானமாக வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே, எதற்கு இந்த அவஸ்தை? பார்க்க வேண்டும் என்பது மட்டும் இருந்தால் மறுநாள் போதும். இங்கே பூவோடு தூக்குகிற அம்மாவின் கை நடுங்குகிற அதே நேரத்தில் தானும் விழித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறான், "அம்மா பாத்துப் போ" என்று கமெண்ட் போடுகிறான், பக்கத்தில் போன் பிடித்திருக்கிற தங்கச்சி அதை அம்மாவுக்குச் சத்தம் போட்டுச் சொல்கிறாள். சில விநாடி பிந்தித்தான் போய்ச் சேரும், லைவ் என்றாலும் பத்து இருபது விநாடி தாமதம் இருக்கும், ஆனால் அந்த அம்மாவுக்கு அது போதும். லைவ் போடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஊர் உலகத்துக்குக் காட்டுவதற்காகப் போடுவதில்லை. மனதில் ஒருத்தரோ ரெண்டு பேரோ இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் கை வலிக்க வலிக்கப் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கீழே "பார்ப்பவர்கள் 7" என்று காட்டும், அந்த ஏழில் ஒன்று அவருடையது என்றால் போதும்.

இவர்களிடமும் நோம்பி வரி வாங்குகிறோம் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். துபாய்க்காரன் வீட்டு வரி ஜிபேயில் பூச்சாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். வரிக்கு வேண்டும், பார்ப்பதற்கு வேண்டாமா?

லைவால் கூட்டம் குறைகிறது என்பதற்கு எதிர்ச் சாட்சி நம் கண் முன்னாலேயே இருக்கிறது, வள்ளி கும்மி. சின்ன வயதில் நான் பார்த்தவரைக்கும் கும்மி ஆடியவர்கள் எல்லாம் வயதான ஆண்கள். பெண்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசிரியர் பத்ரப்பன் ஐயா, 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். ஆசிரியர்கள் போட்ட விதையை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் பாதி வேலையைச் செய்தது யார்? அரங்கேற்றத்தை மணிக்கணக்காக யூடியூபில் லைவ் ஓட்டுகிற சின்னச் சின்னச் சேனல்காரர்களும், பிள்ளை ஆடுவதைப் பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்று போனைத் தூக்கிய அப்பாக்களும்தான். பக்கத்து ஊர் அரங்கேற்றத்தை லைவில் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர்ப் பெண்கள் "நாமும் பழகலாம்" என்று கிளம்பினார்கள், ஒரே கலரில் சேலை எடுத்தார்கள் (நான்தான் எடுத்துக் கொடுத்தேன், லாபம் வைக்கவில்லை, கேட்டுப் பாருங்கள்), சாயங்காலம் ஆனால் கோயில் மைதானம் நிறைந்தது. லைவ் பார்த்ததால் வீட்டில் உட்காரவில்லை, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

இது இன்றைக்கு முளைத்த ஆசையும் இல்லை. உங்கள் வயதுக்காரர்கள் டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்று கிரிக்கெட் நேர்முக வர்ணனை கேட்டதை நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஸ்கோர் மறுநாள் பேப்பரில் வராதா என்ன? தெரியாத ஊரில் யாரோ அடிக்கிற பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிற அந்த நொடியில் தானும் இருக்க வேண்டும், அதற்குத்தானே நின்றீர்கள். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது இஸ்ரோவின் யூடியூப் சேனலில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். இறங்கிய பிறகு வீடியோ எங்கும் போய்விடாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். இறங்குமா இறங்காதா என்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மாறியது என்னவென்றால், முன்பு அதை நடத்த ஒளிபரப்பு வண்டி வேண்டும், இப்போது ஒரு போன் போதும். ஃபேஸ்புக் லைவ் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்தது 2016-இல், அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்கியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்தபோது நாம் டிவிக்காகக் காத்திருக்கவில்லை, அங்கே இருந்த பிள்ளைகளின் போனிலேயே பார்த்தோம். அப்புறம் கொரோனா. 2020 மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்தது, ஜனங்கள் நேரலையில் பார்த்து, வீட்டிலேயே தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அரசாங்கமும் கோயிலும் சேர்ந்து செய்தது அது. அந்த வருடங்களில் நம் ஊரிலும் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது மற்ற ஒறம்பரை எல்லாம் லைவில்தானே அட்சதை போட்டார்கள்? எழவுக்குக்கூட லைவ்தான். அப்போது அது வசதியாக இருந்தது. அந்த 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அதில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த கிராமத்து ஆட்கள் யூடியூபுக்கும் இன்ஸ்டாவுக்கும் போனார்கள், ஆசை எங்கேயும் போகவில்லை. தடைபோட்டால் இடம்தான் மாறும்.

கோயிலுக்குள் போன் கூடாது என்று ஐகோர்ட்டே சொல்லியிருக்கிறது என்பீர்கள். ஆமாம், 2022 டிசம்பரில் திருச்செந்தூர்க் கோயில் வழக்கில் மதுரைக் கிளை அப்படித்தான் உத்தரவு போட்டது, கோயிலின் புனிதமும் வழிபாடும் கெடக் கூடாது என்பதற்காக. அதை நான் மறுக்கவே இல்லை. கருவறைப் பக்கம் போன் வேண்டாம், அபிஷேக நேரத்தில் வேண்டாம், நானே முதல் ஆளாக அணைத்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன். ஆனால் கம்பத்தாட்டம் நடப்பது வெளி மைதானத்தில், கும்மி நடப்பது பள்ளிக்கூடத்துக்கு முன்னால், மாவிளக்கு வருவது பஞ்சாயத்து ரோட்டில். ரோட்டுக்கும் கருவறைக்கும் ஒரே சட்டமா?

இப்போது மூன்றாவது காரணம்.

போன வருடம் கம்பத்தடியில் ரெண்டு தரப்புப் பையன்களுக்குள் சலங்கை கட்டுவதில் ஆரம்பித்தது, சட்டையைப் பிடிப்பதில் போய் முடிந்தது. அது லைவில் ஓடியது. தாலுகா முழுக்கப் பார்த்தார்கள். அதில் ஒரு பையனுக்கு அப்புறம் பெண் கேட்டுப் போன இடத்தில் அந்த வீடியோவையே போட்டுக் காட்டினார்களாம். ஏற்கெனவே நம் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எல்லோருக்கும் தெரியும், அதில் இது வேறு. அந்த வீட்டுக்காரர்களின் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு நிமிடக் கோபம் ஆயுசுக்கும் நெட்டில் கிடப்பது கொடுமைதான்.

ஆனால் இதையும் யோசியுங்கள். அந்த லைவ் இல்லாவிட்டால் மறுநாள் காலையில் ஆளுக்கொரு கதை இருந்திருக்கும். அவன்தான் முதலில் அடித்தான், இல்லை இவன்தான், கத்தி இருந்தது, கத்தி இல்லை, சாமியைத் திட்டினான் என்று ஒன்றுக்கு ஒன்பதாக வளர்ந்து ரெண்டு ஊர் சண்டையாகியிருக்கும். எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்ததால்தான் பேச்சுவார்த்தை ஒரே நாளில் முடிந்தது. கத்தி எதுவும் இல்லை என்று இன்ஸ்பெக்டருக்குக் காட்டியதே அந்த லைவ்தான். ஜனங்கள் லைவ் போடுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். சும்மா ரெகார்ட் பண்ணினால் போனைப் பிடுங்கி அழித்துவிடலாம், லைவில் போனது போனதுதான், பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். எளிய ஆளுக்கு அது ஒரு பாதுகாப்பு. தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்கிற விவசாயியும், பஸ்ஸில் வம்புக்கு ஆளான பெண்ணும் போனைத் தூக்கி "லைவ்ல இருக்கறேன்" என்று சொன்னால் எதிரில் நிற்பவரின் குரல் கொஞ்சம் இறங்குகிறது, பார்த்திருக்கிறீர்கள்தானே? நாலு பேர் பார்ப்பதில் நியாயத்துக்கு நல்லது இருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே 2018-இல் முக்கிய வழக்கு விசாரணைகளை நேரலையாகக் காட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லி, 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளைக் காட்டவும் ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் சிலருக்குக் கசக்கும். ஊர்வலம் எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்தத் தெரு முனையோடு திரும்பிவிடுகிறது என்பதும் லைவில் தெரிந்துவிடுகிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் "ஏன் அந்தப் பக்கம் போகல" என்று கமெண்டில் கேட்கிறார்கள். ஊர் மானம் என்று நோட்டீசில் எழுதும்போது இதுவும் மனதில் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தது என்றால், மானம் காக்க வழி போனை மறைப்பது அல்ல.

ரெண்டாவது காரணத்துக்கு வருகிறேன், இதில்தான் நான் உங்கள் பக்கம்.

தீர்த்தக்குடம் எடுத்து ஈரச் சேலையோடு வருகிற பெண்களை, மஞ்சள் நீராட்டில் நனைந்து நிற்கிற பிள்ளைகளை, அருள் வந்து ஆடித் தலைவிரித்து விழுகிறவர்களைக் கிட்டத்தில் போய் எடுக்கிறார்கள். லைவ் முடிந்த பிறகு யாரோ அதிலிருந்து பத்து விநாடியை வெட்டிப் பாட்டுச் சேர்த்துப் போடுகிறார்கள், கீழே வருகிற கமெண்டுகளைப் படித்தால் சோறு இறங்காது. எனக்கே நடந்திருக்கிறது, சேலை விற்கிற லைவிலேயே இந்தக் கமெண்டுகள் வரும், அதற்காக நான் கடையை மூடவில்லை. சில வார்த்தைகளைத் தடை செய்து வைத்திருக்கிறேன், என் கொழுந்தன் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பண்ணுகிற ஆளை அந்த இடத்திலேயே பிளாக் பண்ணுகிறாள். ஒருத்தரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம், 3 வருடம் வரை ஜெயில், 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். உங்கள் நோட்டீசில் நியாயமாக இருக்க வேண்டியது இந்த வரிதான். லைவ் போடுகிற எல்லோரையும் மிரட்டுவதற்குப் பதிலாக, இந்த வேலை செய்கிறவன் யாராக இருந்தாலும், குழுக்காரர் பேரனாகவே இருந்தாலும், போலீசில் புகார் கொடுப்போம் என்று எழுதுங்கள். பெண்கள் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

அதோடு, குழுவே ஒரு லைவ் நடத்தட்டும். இதுதான் நான் கேட்பது. ஒரே கேமரா, கம்பத்துக்கு எதிரில் உயரமான இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியது, யாருடைய முகத்துக்கும் கிட்டத்தில் போகாதது. தீர்த்தக்குடமும் மஞ்சள் நீரும் வரும்போது கேமரா கோபுரத்தைப் பார்க்கட்டும், சத்தம் மட்டும் போகட்டும். யூடியூபில் லிங்க் இருக்கிறவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கலாம், தேடினால் கிடைக்காது, அந்த லிங்கை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடலாம். யாராவது வெளியே அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், அனுப்பத்தான் செய்வார்கள், ஆனால் தூரத்திலிருந்து எடுத்ததில் வெட்டிப் போட அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கமெண்டைப் பார்த்துக்கொள்ள ரெண்டு பேர், அதில் ஒருத்தர் கட்டாயம் பெண். வெளியூர்க்காரர்கள் எழுதுகிற வேண்டுதலையும் பெயரையும் அவ்வப்போது மைக்கில் வாசியுங்கள், அடுத்த வருடம் கட்டளைக்கு ஆள் தேட வேண்டியிருக்காது. சனங்கள் எல்லோரும் தனித்தனியாகப் போனைத் தூக்குவது ஏனென்றால் தூக்குவதற்கு வேறு ஆள் இல்லை என்பதால்தான். ஒழுங்கான ஒன்று ஓடினால் பாதிப் போன் தானாகவே பாக்கெட்டுக்குள் போய்விடும், மீதிப் பாதியையும் முழுசாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம், தன் பிள்ளை ஆடுவதைத் தன் அம்மாவுக்குக் காட்டுகிறவளை எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள்?

ஒரு சின்னச் சிக்கல், ரேடியோ செட்டுக்காரர். அவர் இடைவெளி விடாமல் சினிமாப் பாட்டுப் போடுவார், அது லைவில் கேட்டால் காப்புரிமை என்று சொல்லி யூடியூப்காரன் சத்தத்தை அமுக்குவான், சில சமயம் லைவையே நிறுத்திவிடுவான். ஆட்டமும் கும்மியும் நடக்கிற நேரத்திலாவது சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். லைவுக்காக இல்லாவிட்டாலும் தப்பட்டைக்காரர்களுக்காகவாவது.

செலவு பெரிசாக ஒன்றும் இல்லை. நோம்பிக் கூட்டத்தில் டவர் திணறும், போன் சிம்மை நம்பிப் போட்டால் பாதியில் சுற்ற ஆரம்பித்துவிடும். சுமாரான தெளிவில் ஒரு லைவுக்கு மேலே அனுப்புகிற வேகம் விநாடிக்கு நாலு மெகாபிட் நிலையாக இருந்தால் போதும், பால் சொசைட்டியில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, அங்கிருந்து கம்பத்தடிக்கு வயர் இழுத்தால் முடிந்தது. கேமராவை என் போனிலேயே ஓட்டலாம், இல்லாவிட்டால் கும்மி அரங்கேற்றம் லைவ் போடுகிற சேனல்காரரை ராத்திரிக் கணக்குக்குக் கூப்பிடலாம், பந்தல்காரருக்குக் கொடுப்பதில் ஒரு துணுக்குத்தான் ஆகும். யூடியூபில் போனிலிருந்து லைவ் போடச் சேனலுக்கு 50 சந்தாதாரராவது இருக்க வேண்டும், கணக்கையும் முன்கூட்டியே சரிபார்த்து வைக்க வேண்டும், அதனால் கோயில் பெயரில் சேனலைப் பூச்சாட்டுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது. பாஸ்வேர்டு ஒரே ஆள் கையில் இருக்க வேண்டாம், குழுவில் ரெண்டு பேருக்கும் பெண்கள் பக்கம் ஒருத்தருக்கும் தெரியட்டும். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை என்று கேள்விப்பட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தால் எங்களால் வர முடியாது, அது அடுப்பு நேரம். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்கள், கும்மி ஆடுகிற பெண்கள் எல்லோரும் வருகிறோம்.